குடைத்தலை

பினாகி சிக்தாருக்கு நாற்பத்திரண்டு வயதில் ஒரு பேய் வந்து பேர் வாங்கிக் கொடுத்தது. அதற்கு முன்னால் இருபது வருடம் கல்கத்தாவில் அவன் வரையாத பொருளில்லை. இரண்டாம் வகுப்புப் பாடப்புத்தகத்துக் கோழி, பற்பசை கொடுக்கும் இலவசக் கதைப்புத்தகத்து முயல், துர்க்கை பூஜைக்குப் பத்திரிகைகள் போடும் பூஜை மலர்களில் வரும் ராஜா, ராட்சசன், பானைவயிற்று போலீஸ்காரர் எல்லாம் அவன் கைதான். ஆனி மாதம் வந்தால் பூஜை மலருக்காக மூன்று பத்திரிகைக்காரர்கள் ஒரே வாரத்தில் பிடித்துக்கொள்வார்கள். புலி கொஞ்சம் சிரிக்கட்டும் என்பார் ஒருவர். புலி ஏன் சிரிக்கிறது, குழந்தைகள் பயப்பட வேண்டாமா என்பார் இன்னொருவர். பினாகி இரண்டு புலியையும் வரைந்து கொடுப்பான்.

அடுத்தவர் சொன்னால் எதையும் வரைவான். சொந்தமாக ஒன்று யோசிக்கச் சொன்னால்தான் கை அப்படியே நின்றுவிடும். அவனைப் போலப் பத்திரிகைக்கு வரைகிற நண்பர்கள் ஆளுக்கொரு சிறு காமிக்ஸ் போட்டு, ஆளுக்கொரு நாயகனைப் பெற்று வைத்திருந்தார்கள். பினாகிக்கு மட்டும் பிள்ளையில்லை. அவனுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கும் பாச்சு இதை முகத்துக்கு நேராகவே சொல்வான்.

"உன் கை தங்கக் கைடா. தலைக்குத்தான் வாடகைக்கு ஆள் பாக்கணும்."

பினாகியும் சிரித்து வைப்பான். வீட்டுக்குப் போனபின் அந்தச் சிரிப்பை நினைத்துக் குன்றிப்போவான்.

நேதாஜி பிறந்தநாளுக்கு சோனார்பூரில் ஒரு மன்றம் நடத்திய ஓவியப் போட்டிக்கு அவனை நடுவராகக் கூப்பிட்டது ஆறு வருடத்துக்கு முன்னால். மைதானம் நிறைய பாய், பாய் நிறைய பிள்ளைகள், கயிற்றுக்கு அந்தப்பக்கம் அம்மாக்கள். தலைப்பு 'மழைநாள்'. நூற்று நாற்பது தாள் வந்தது. அதில் நூறு தாளில் ஒரே குடிசை, ஒரே மூன்று தென்னை, ஒரே படகு. ஓவியப் பள்ளி வாத்தியார்கள் ஒரு படத்தைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். வெயில் என்றால் அதில் சூரியன், மழை என்றால் அதிலேயே சாய்ந்த கோடு, பூஜை என்றால் அதே குடிசைக்குப் பக்கத்தில் துர்க்கை. இந்தக் குடிசையையே வருடக்கணக்காகப் பார்த்துப் பார்த்து நடுவர்கள் போலீஸ்காரர்களாகிப் போனார்கள். புதிதாக ஒன்று கண்ணில் பட்டால் ரசிப்பதற்கு முன்னால், எங்கிருந்து சுட்டது என்றுதான் கேட்கத் தோன்றும்.

நூற்றுப் பதினேழாம் எண் தாளில் தலையில்லாப் பேய் ஒன்று நின்றது. வங்காளத்தில் தலையில்லாப் பேய்க்குப் பஞ்சமில்லை. இந்தப் பேய் கழுத்து ஓட்டையில் ஒரு குடையைச் செருகிக்கொண்டிருந்தது. விரிந்த குடையின் இரண்டு கம்பி நுனியில் மழைத்துளி மாதிரி இரண்டு கண். தண்ணீர் தேங்கிய சந்தில், பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண் நனையாமலிருக்க அது குனிந்து நடந்தது. கீழே பிஞ்சு எழுத்தில் 'சாத்தார் மாத்தா' என்று எழுதியிருந்தது. குடையின் தலை. உளறல், குப்பை என்று சொல்ல வேண்டிய இடத்தில் வங்காளிகள் நாளுக்குப் பத்துத் தரம் சொல்லும் வசவு அது. அந்த வசவை அப்படியே பிடித்து அதற்குக் கை கால் வைத்திருந்தது குழந்தை.

பினாகி அந்தத் தாளை வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தான். அவனுக்கு வயிறெரிந்தது. ஒன்பது வயதுக் குழந்தைமேல் வயிறெரிந்தது என்பதை அவன் அப்போது ஒத்துக்கொள்ளவில்லை.

"இது குழந்தைக்குத் தோணுற விஷயமில்ல. ஏதோ பழைய பூஜை மலர்ல பாத்து அடிச்சிருக்கு," என்றான். கூட இருந்த நடுவர் தலையாட்டினார். தாளின் பின்பக்கம் பினாகி 'நகல். சொந்தக் கற்பனை அல்ல' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். மன்றத்துச் செயலாளர் அதை மைக்கிலும் சொல்லிவிட்டார்.

கயிற்றைத் தாண்டி ஒரு பெண்மணி குழந்தையை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"எந்தப் புஸ்தகத்துலேர்ந்து காப்பி அடிச்சா? காட்டுங்க."

"எங்கயோ பாத்திருக்கேன் தீதி. இருபது வருஷமா எனக்கு இதான் பொழப்பு."

இருபது வருடம் என்றதும் அவள் வேகம் தணிந்துவிட்டது. தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பிறகு குழந்தையைப் பார்த்தாள். கூட்டிக்கொண்டு போனாள்.

திரும்பி வரும் பஸ்ஸிலேயே பினாகி அந்தப் பேயை நோட்டில் வரைந்துகொண்டான். மூலம் எது என்று தேடத்தான், வேறெதற்குமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொன்னபடி தேடவும் செய்தான். ஆறு மாதம் காலேஜ் தெருப் பழைய புத்தகக் கடைகளில் தூசி குடித்தான். ஐம்பது வருடத்துப் பூஜை மலர்களைப் புரட்டினான். குடைத்தலைப் பேய் எதிலும் இல்லை. அவனுக்கு அப்பாடா என்றிருந்தது. இனி யாரும் வந்து என்னுடையது என்று சட்டையைப் பிடிக்க மாட்டார்கள். எந்தப் புத்தகத்திலும் இல்லையென்றால் அந்தப் பெண் யோசித்ததுதானே என்று தெருவில் போகிறவன்கூடச் சொல்லிவிடுவான். பினாகிக்குத் தோன்றவில்லை. தோன்றவிடவில்லை என்பதுதான் சரி.

இருபத்து நான்கு பக்கம், கறுப்பு வெள்ளை, நடுவில் இரண்டு பின். 'குடைத்தலை' முதல் பாகம் அடுத்த வருடப் புத்தகச் சந்தைக்கு வந்தது. சிறுபத்திரிகைக் கூடாரத்தில் அரை மேசையில் வைத்த இருநூறு பிரதியும் நான்கே நாளில் தீர்ந்தது. இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம், நான்காம் பாகம். பிள்ளைகள் குடையைத் தலையில் வைத்துக்கொண்டு படம் எடுத்து அனுப்பினார்கள். ஒரு பத்திரிகை பேட்டி எடுத்தது. இந்தப் பேய் எப்படித் தோன்றியது என்று கேட்டார்கள்.

"சின்ன வயசுல எங்கம்மா என்னைச் சாத்தார் மாத்தான்னு திட்டிக்கிட்டே இருப்பாங்க. அதுலேர்ந்து வந்தது."

அவன் அம்மா வாயில் அப்படி ஒரு சொல் வந்ததே கிடையாது. செத்துப்போன மனுஷியைத் திருட்டுக்குச் சாட்சியாகக் கூப்பிட்டோமே என்று பேட்டி அச்சாகி வந்த அன்று அவனுக்குக் கூசியது. ஆனால் அடுத்த பேட்டியிலும் அதையேதான் சொன்னான்.

இந்த வருடச் சந்தையில் ஞாயிற்றுக்கிழமை, மேசையில் நல்ல கூட்டம். பதினைந்து வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி வரிசையில் வந்தாள். நான்கு பாகத்தையும் எடுத்து வைத்தாள். பிறகு பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு தாளை எடுத்தாள். அதன் மூலையைப் பார்த்ததுமே பினாகிக்கு அது எந்தத் தாள் என்று தெரிந்துவிட்டது.

"சார், என் பேரு ஜூயி. சோனார்பூர் போட்டில நீங்க ஜட்ஜா வந்தீங்க. ஞாபகம் இருக்காது."

பின்பக்கத்தைத் திருப்பினாள். மங்காமல் இருந்தது அவன் எழுத்து. கையெழுத்தும் புத்தக அட்டையிலிருந்த கையெழுத்தும் ஒன்று.

"இத்தனை வருஷமா நானே யோசிச்சதுன்னு எல்லார்கிட்டயும் சண்டை போட்டுக்கிட்டிருந்தேன் சார். போன மாசம் ஒரு ஃப்ரெண்டு வீட்டுல உங்க புஸ்தகம் பாத்தேன். அப்பத்தான் புரிஞ்சுது. நீங்க முன்னாடியே எங்கயோ வரைஞ்சிருக்கீங்க. நான் அதைப் பாத்துட்டு மறந்துபோயிருக்கேன். அதான் நீங்க நகல்னு எழுதினீங்க. இல்லையா சார்?"

வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்திலிருந்த பாச்சு படம் பிடிக்கப் போனை எடுத்துவிட்டான். பினாகி சொல்ல வேண்டியது இல்லையம்மா என்ற ஒரு வார்த்தைதான். அது வரவில்லை. வந்தது வேறு.

"பரவால்லம்மா. சின்ன வயசுல எல்லாரும் பாத்து வரையறதுதான்."

அந்தப் பெண் மேசையைச் சுற்றி வந்து, குனிந்து அவன் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். "மன்னிச்சிருங்க சார்," என்றாள். யாரோ கை தட்டினார்கள். ஐந்தாம் பாகத்தைத் தபாலில் அனுப்பச் சொல்லி நோட்டில் பாருய்ப்பூர் விலாசம் எழுதிவிட்டுப் போனாள்.

பாச்சு அந்தப் படத்தைச் சாயங்காலமே முகநூலில் போட்டான். 'தவறை ஒப்புக்கொள்ள வந்த குட்டி வாசகி, தட்டிக்கொடுத்த பெரிய மனசு' என்று மேலே எழுதினான். ஆயிரக்கணக்கான பேர் இதயம் போட்டார்கள். படத்தில் பினாகியின் கை அவள் தலைமேல் இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்குத் தன் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. இருபது நாள் ஒரு கோடு இழுக்கவில்லை. புலி கேட்கும் பத்திரிகைக்காரர்களின் போனையும் எடுக்கவில்லை. கடைசியில் பாச்சுவிடம் உண்மையைச் சொல்லிவிட்டான்.

பாச்சு கையிலிருந்த வேலையை நிறுத்தினான். பிறகு, "நன்றின்னு கடைசிப் பக்கத்துல அவ பேரைப் போட்டுரு. முடிஞ்சுது," என்றான்.

"எதுக்கு நன்றின்னு போடறது?"

"ஊக்கம் தந்ததுக்குன்னு போடு."

"திருடிட்டு ஊக்கம்னு எழுதறதா?"

"அப்ப என்னதான் செய்யப்போற? போய் அந்தப் பொண்ணு கால்ல விழப்போறியா?"

பினாகி முகநூலிலிருந்த படத்தை எடுக்கச் சொன்னான். அடுத்த நாள் பகல் ரயிலில் பாருய்ப்பூர் போனான்.

ஜூயியின் அம்மா சந்தியா வீட்டு முன்னறையில் ரவிக்கை தைப்பவள். அவனைப் பார்த்ததும் பதறி எழுந்து, நாற்காலியில் கிடந்த துணியையெல்லாம் அள்ளிக் கட்டிலில் போட்டாள். கொய்யா நறுக்கி உப்புத் தூவிக் கொண்டு வந்தாள். அந்தப் படத்தைத் தெருவில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்றாள். பள்ளியில் பிள்ளைகள் ஜூயியை நகல், நகல் என்று கூப்பிடுகிறார்களாம், இரண்டு நாளில் மறந்துவிடுவார்கள் என்றும் சொன்னாள். ஜூயி கதவோரம் நின்றிருந்தாள்.

பினாகி கொய்யாவைத் தொடவில்லை. "தீதி, அந்தப் பேய் என்னோடது இல்ல. உங்க பொண்ணுதுதான். போட்டிக்கு முன்னாடி நான் அதை எங்கயும் வரைஞ்சதில்ல. அன்னிக்கு இவ தாள்லதான் முதல்ல பாத்தேன். பாத்துட்டு எடுத்துக்கிட்டேன். புஸ்தகத்துல தேதி இருக்கு பாருங்க, போட்டிக்கு அப்புறம்தான் வந்திருக்கு."

சந்தியா சிரித்துவிட்டாள். "ஸ்கூல்ல கேலி பண்றாங்கன்னு சொன்னதும் இவளைக் காப்பாத்தப் பாக்கறீங்க. உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசு சார்."

"மனசெல்லாம் இல்ல தீதி. நான் திருடினேன்."

"சாத்தார் மாத்தா பேசாதீங்க சார். நீங்க எவ்வளவு பெரிய ஆளு, ஒரு குழந்தைகிட்டேர்ந்து எடுப்பீங்களா?"

சொல்லிவிட்டு அவள் கொய்யாத் தட்டை அவன் பக்கம் தள்ளினாள். தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைக்கவில்லை. ஜூயிக்கு உறைத்தது. அவள் அம்மாவையே பார்த்தாள். பினாகிக்கு அந்த நிமிஷம் எல்லாம் தெரிந்துவிட்டது. பேய் பிறந்த வீடு இது. தினம் இந்த வாயிலிருந்து அதைக் கேட்டுத்தான் அந்தக் குழந்தை வரைந்திருக்கிறது. அதைத்தான் அவன் தன் அம்மா தலையில் கட்டியிருந்தான். தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஜூயி உள்ளே போய் முதல் பாகத்தைக் கொண்டு வந்தாள். பின்னட்டையைத் திருப்பித் தேதியைப் படித்தாள். விரல் விட்டு எண்ணினாள்.

"அப்ப சந்தைல நான் மன்னிப்பு கேட்டப்ப உங்களுக்கு இது தெரியும்."

"தெரியும்மா."

"தெரிஞ்சேதான் பரவால்லன்னு சொன்னீங்களா?"

"ஆமா."

"ஏன் சார்?"

ரயிலில் இதற்குப் பல பதில் யோசித்து வந்திருந்தான். எதுவும் அந்தப் பெண் முகத்துக்கு முன்னால் சொல்லக்கூடியதாக இல்லை. மிச்சமிருந்த ஒன்றைச் சொன்னான்.

"எல்லாரும் பாத்துக்கிட்டிருந்தாங்க."

ஜூயி புத்தகத்தை மூடி மேசைமேல் வைத்தாள். சந்தியாவின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டிருந்தது. அவள் அவனைப் பார்க்கவில்லை, மகளையும் பார்க்கவில்லை. தையல் மிஷினைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அன்னிக்குத் திரும்பி வரச்சே சோனார்பூர் ஸ்டேஷன்ல, பிளாட்ஃபாரம் நிறைய ஜனம், இவளைச் செருப்பால அடிச்சேன் சார். காப்பிதான்னு ஒத்துக்கடி, ஒத்துக்கடின்னு. பாருய்ப்பூர் வர்ற வரைக்கும் ரயில்லயும் அடிச்சேன். எத்தனை அடிச்சும் ஒத்துக்கல இவ. உங்க புஸ்தகத்தைப் பாத்துட்டுத்தான் ஒத்துக்கிட்டா."