பரீட்சைக்குப் போன கை

டீ கிளாஸை இடது கையால எடுக்கிறார், இடது கையால குடிக்கிறார், இடது கையாலயே கீழ வைக்கிறார் பாஸ்கல். வலது கை என்ன பண்ணுதுன்னு கேக்கிறீங்களா? சௌக்கத் அலி கடை பெஞ்சு மேல, நாலா மடிச்ச துண்டுல, தூங்குற கொழந்தை மாதிரி படுத்திருக்கு. யாராவது பக்கத்துல இடிச்சிக்கிட்டு உக்காந்தா தொலைஞ்சாங்க.

"யோவ், கண்ணு தெரில? காலேஜி கை கீது இங்க!"

ராயபுரம் மாதா கோயிலுக்குப் பின்பக்கச் சந்துல வீடு, துறைமுகத்துல மூட்டை தூக்குற வேலை. ரங்கூன் அரிசி வந்தாலும் சரி, சிமெண்டு வந்தாலும் சரி, கொக்கியை மாட்டி ஒரே இழுப்பு, மூட்டை தோளுக்கு வந்துடும். வயசு நாப்பதைத் தொடப் போகுது. ஆனா அந்தக் கை இருக்கே, அடடா! சட்டையை மடிச்சு விட்டு ஒரு முறுக்கு முறுக்கினார்னா, தோலுக்குள்ள அஞ்சாறு பெருச்சாளி ஒண்ணை ஒண்ணு துரத்துற மாதிரி இருக்கும். துறைமுகத்துல அது மலையைத் தூக்கும். வேலை விட்டு வெளிய வந்ததும் ஒரு துரும்பைத் தூக்காது.

"அங்க நூறு மூட்ட தூக்குறாரு, வூட்டுல ஒரு கொடம் தண்ணி தூக்க சொன்னா, கைக்கு ரெஸ்டு வோணுமாம்"னு குழாயடியில எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுவாங்க அவர் சம்சாரம் பிலோமி. "இன்னாய்யா, அது கையா, கலெக்டரா?"

இந்தக் கலெக்டர் உத்தியோகம் கிடைச்ச கதை தான் பெரிய கதை.

பாஸ்கல் வீட்டு மாடியில சுப்புராயன்னு ஒரு பையன் வாடகைக்கு இருக்கான். பொன்னேரி மளிகைக்கடைக்காரர் மகன், டாக்டருக்குப் படிக்கிறான். கை எலும்பும் கைச் சதையும் வர்ற பரீட்சையில ரெண்டு தடவை தோத்தாச்சு. "இந்தத் தடவையும் போச்சுன்னா ஊருக்கு வா, கடையில பருப்பு நிறு"ன்னு அப்பா கண்டிப்பா சொல்லிட்டார். சொந்தக் கையைப் பாத்துப் படிக்கலாம்னா அது ஒரு முருங்கைக்காய், அதுல பாக்க ஒண்ணும் இல்ல. ஒருநாள் காலையில மாடியிலேருந்து எட்டிப் பாக்கிறான், கீழ பாஸ்கல் குளிச்சிக்கிட்டிருக்கார். புத்தகத்தைத் தூக்கிக்கிட்டு தடதடன்னு ஓடி வந்தான்.

"அண்ணே, மடக்குங்க! அண்ணே, அப்படியே திருப்புங்க! அண்ணே, அசையாதீங்க!"

சோப்பு நுரை கண்ணுல எரிய எரிய பாஸ்கல் அசையாம நின்னார். புத்தகத்துப் படம் மொத்தமும் அவர் கையில அச்சடிச்ச மாதிரி இருந்தது!

அன்னையிலேருந்து சாயங்காலம் ஆனா பையன் இங்க்கும் குச்சியுமா இறங்கி வருவான். ஒவ்வொரு சதைக்கும் கோடு போட்டு, பக்கத்துலயே பேரும் எழுதுவான். பாஸ்கல் அந்தப் பேரையெல்லாம் சொந்தக்காரங்க மாதிரி சேத்துக்கிட்டார். டீக்கடையில சட்டையை மடிச்சு விட்டு ஒவ்வொருத்தரையா அறிமுகம் செய்வார்.

"தோளு மேல குந்திகினு கீறாரே, இவுரு டெல்டாய்டு, குடும்பத்துக்குப் பெரியவரு. முன்னாடி இவன் பைசெப்ஸ், ஷோக்குப் பேர்வழி, யாருனா பாத்தா போதும், எழுந்து நிப்பான். பின்னாடி ட்ரைசெப்ஸ். தள்றதெல்லாம் அவன், பேரு வாங்குறது இவன். இந்தக் கையில மட்டும் முப்பது எலும்பு கீது, தெரியுமா?"

"எனக்கும் முப்பது தான், நைனா"ன்னார் சௌக்கத் அலி, பாலை ஆத்திக்கிட்டே.

"இருக்கும், இருக்கும். உன்னுத எந்த டாக்டரு எண்ணுனான்?"

இங்க்கு லேசுல போகாது. ஞாயித்துக்கிழமை பூசைக்கும் அந்தக் கையோட தான் போவார், அதுவும் சட்டையை நல்லா மடிச்சு விட்டுக்கிட்டு. பிலோமி தலையில அடிச்சிக்குவாங்க. "பூசையில நன்ம அப்பம் வாங்க இவுரு முட்டி போட்டு நாக்க நீட்டிகினு கீறாரு. சாமியாரு நன்மயக் குடுக்காம இவுரு கையப் படிச்சிகினு நிக்கிறாரு. பின்னாடி மொத்த சனமும் காத்துகினு கீது!"

பரீட்சையில உயிருள்ள ஆளோட கையில சதைகளைத் தொட்டுக் காட்டணும், அதுக்கு ஒரு ஆள் வேணும்னு காலேஜுல தேடினப்போ சுப்புராயன் பாஸ்கல் பேரைச் சொல்லிட்டான். அன்னைக்கு பாஸ்கல் வேலைக்கு மட்டம். பிலோமி விடியறதுக்குள்ள தேங்காய் நாரும் சோப்புமா அந்தக் கையில இருந்த இங்க்கை எல்லாம் தேய்ச்சு எடுத்தாங்க. திட்டிக்கிட்டே தான் தேய்ச்சாங்க, ஆனா கல்யாணச் சட்டையைப் பெட்டியிலேருந்து எடுத்து வச்சதும் அவங்க தான்.

போற வழியில டிராம்ல பாஸ்கல் பையன் காதுல தன் திட்டத்தைச் சொன்னார். "நீ பேஜாராவாத, தம்பி. அவுரு பேரு சொன்ன ஒடனே நான் அந்த சதைய லேசா ஆட்டி வுடுறேன். எது ஆடுதோ அதத் தொடு. முடிஞ்சிது."

சுப்புராயன் புத்தகத்தை இன்னும் வேகமாப் புரட்டினான்.

பெஞ்சுல சட்டையில்லாம பாஸ்கல் ராஜா மாதிரி உக்காந்திருந்தார். பரீட்சை வைக்கிறவர் ஒல்லியான மனுஷன், மூக்கு நுனியில கண்ணாடி. வர்ற பையன் எல்லாரையும் கடைசியில ஒரே கேள்வி தான் கேட்டார்: பால்மாரிஸ் லாங்கஸைக் காட்டு. கட்டை விரலால சுண்டு விரலைத் தொட்டு மணிக்கட்டை மடக்கினா, நடுவுல ஒரு நார் கயிறு மாதிரி எழும்பி நிக்கும், அது அந்தச் சதையோட நார். பாஸ்கலும் ஒவ்வொரு தடவையும் மடக்கிக் காட்டினார். முன்னாடி போன மூணு பசங்களும் மணிக்கட்டுல எதையோ தொட்டு "இதோ சார்"னாங்க. அவர் "ம்"னு மட்டும் சொல்லி என்னவோ குறிச்சிக்கிட்டார்.

சுப்புராயன் வந்தான். டெல்டாய்டு கேட்டார். தோள் துடிச்சது, பையன் தொட்டான். ட்ரைசெப்ஸ் கேட்டார். அதுவும் துடிச்சது. அவர் கண்ணாடிக்கு மேல வழியா பாஸ்கலைப் பாத்தார்.

"குளிருதா?"

"ஃபேன் காத்து, சார்."

"சரி. பால்மாரிஸ் லாங்கஸ்."

பாஸ்கல் விரலைச் சேத்து மணிக்கட்டை மடக்கினார். சுப்புராயன் குனிஞ்சு பாத்தான். அங்க நார் இல்ல! இத்தனை நாளா புத்தகத்தைப் பாத்துப் பாத்து அந்த எடத்துல அவனா ஒரு கோடு போட்டு, அதையே நம்பிக்கிட்டிருந்திருக்கான். இங்க்கு தான் இருந்தது. அதையும் பிலோமி காலையில தேய்ச்சு எடுத்துட்டாங்க.

பாஸ்கல் முக்கினார். கழுத்து நரம்பு புடைச்சது, பைசெப்ஸ் எழுந்தது, காது கூட ஆடிச்சு. வேண்டிய எடத்துல மட்டும் ஒண்ணும் வரல.

"இரு தம்பி, வந்துகினே கீது"ன்னு பல்லைக் கடிச்சிக்கிட்டுச் சொன்னார். பின்னாடி பசங்க சிரிச்சாங்க.

பக்கத்துல வேற ஒரு நார் நல்லாத் தெரிஞ்சது. முன்னாடி மூணு பேரும் அதைத் தான் தொட்டிருக்கணும். சுப்புராயன் விரல் அது பக்கமா போச்சு. பொன்னேரி கடைத் தராசு அவன் கண்ணு முன்னாடி ஆடிச்சு. தொட்டுட்டா வேலை முடிஞ்சது. பாதி வழியில விரல் திரும்பி வந்துடுச்சு.

"சார்... இவருக்கு அது இல்ல, சார்."

"தம்பி!" பாஸ்கல் பெஞ்சுலேருந்து எழுந்தே நின்னுட்டார். "நல்லாப் பாருடா! இல்லன்னா என்னா அர்த்தம்?"

"நீங்க உக்காருங்க"ன்னு சொல்லிட்டு அந்த ஒல்லி மனுஷன் கண்ணாடியைக் கழட்டினார். "சில பேருக்குப் பிறவியிலேயே இருக்காது. காலையிலேருந்து எல்லாரும் இல்லாததைத் தொட்டுக் காட்டிட்டுப் போறாங்க. நீ போப்பா. அடுத்த தடவை உன்னை இங்க நான் பாக்க வேண்டியிருக்காது."

சுப்புராயன் பாஸ்! வெளிய வந்து அழுதான், சிரிச்சான். பாஸ்கல் ரெண்டும் செய்யல. டிராம்ல வழி பூரா ஜன்னலையே பாத்துக்கிட்டு வந்தார். "இல்லன்னுட்டான்பா"ன்னு மட்டும் ஒரு தடவை சொன்னார், யாருகிட்டன்னு தெரியல.

அடுத்த நாளிலேருந்து பாஸ்கல் பாக்கறவங்களை எல்லாம் மடக்கச் சொன்னார், ராயபுரமே மணிக்கட்டை மடக்கிச்சு. சௌக்கத் அலிக்கு நார் இருந்தது. பிலோமிக்கு இருந்தது. காசிமேட்டுல மீன் விக்கிற பவுனம்மாளுக்கு நங்கூரக் கயிறு மாதிரி இருந்தது. "மீனு வாங்க வந்தியா, கை புடிக்க வந்தியா?"ன்னு அவங்க கேட்டப்போ கூட அவருக்கு ரோஷம் வரல. எல்லாத்துக்கும் மேல, அவரோட இடது கையிலயே அது இருந்தது. தெண்டமா தொங்கிக்கிட்டிருந்த அந்த இடது கையில! பாவம் மனுஷன், சட்டையை மணிக்கட்டு வரைக்கும் இறக்கி விட்டுட்டார். பிலோமி கேக்காமலே தண்ணி தூக்கினார். அதைப் பாத்து பிலோமிக்கே பயம் வந்துடுச்சு.

சுப்புராயன் மைசூர்பாகோட வந்தான். பாஸ்கல் சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டார். "ஊனம் கீற கைக்கு இன்னாத்துக்கு ஸ்வீட்டு."

சனிக்கிழமை சாயங்காலம் சந்துல ஒரே பேச்சுச் சத்தம். வாசல்ல வெள்ளைக் கோட்டு போட்ட பசங்க ஒரு கும்பல், முன்னாடி சுப்புராயன்.

"அண்ணே, இப்படி ஒரு கை உண்டுன்னு இவங்க புத்தகத்துல தான் படிச்சிருக்காங்க. கண்ணால பாத்ததில்ல. இருக்கிற கை எங்க வேணாலும் கிடைக்கும் அண்ணே!"

"இன்னாடா இது, இல்லாதத பாக்க இத்தினி பேரா?"ன்னாங்க பிலோமி. ஆனா அதுக்குள்ள முந்தானையால ஸ்டூலைத் துடைச்சாச்சு.

பாஸ்கல் வாசல் பக்கம் எட்டிப் பாத்தார். அப்புறம் எழுந்து வந்தார். ஸ்டூல்ல உக்காந்து, சட்டையை மெதுவா, ஒவ்வொரு மடிப்பா, தோள் வரைக்கும் ஏத்தினார். கட்டை விரலால சுண்டு விரலைத் தொட்டு மணிக்கட்டை மடக்கினார். நடுவுல வழவழன்னு வெறும் தோல். பசங்க மூச்சு விடாம குனிஞ்சாங்க. கும்பலுக்குப் பின்னாடி குட்டையா ஒருத்தன் எம்பி எம்பிப் பாத்துக்கிட்டிருந்தான். அவனுக்கு மறைக்கக் கூடாதுன்னு பாஸ்கல் தன் தலையைக் கொஞ்சம் ஒதுக்கிக்கிட்டார்.