எனக்காக நானே எழுதிய விளம்பரம்

முனைவர் பட்டம் வாங்கிய கையோடு, அடையாறில் நான் படித்த அதே பல்கலைக்கழகத்தில் போஸ்ட்டாக் ஆய்வாளர் வேலைக்கு விண்ணப்பித்தேன். விளம்பரத்தை எழுதியதும் நான்தான். "உனக்குத் தோதா நீயே டிராஃப்ட் பண்ணிக் குடுத்துடுப்பா" என்றார் என் கைடு. அடையாற்று முகத்துவாரச் சேற்றுப் புழுக்களில் மூன்றாண்டு அனுபவம் கட்டாயம் என்று எழுதினேன். எனக்குத் தெரிந்து அப்படி ஒருவன்தான் இருந்தான்.

நேர்காணலுக்கு இன்னும் ஐந்து பேர் வந்திருந்தார்கள். புது ஃபைலும் இஸ்திரி மடிப்புமாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்க்க எனக்கு இளக்காரமாக இருந்தது. விளம்பரத்தையே படிக்கத் தெரியாத இதுகளெல்லாம் டாக்டரேட்!

பக்கத்தில் இருந்தவர் நங்கநல்லூரிலிருந்து வந்த பெண். "ஆளை முடிவு பண்ணிட்டுதான் விளம்பரம் குடுத்திருக்காங்க. படிச்சவுடனே தெரிஞ்சிடுச்சு" என்றார்.

"அப்புறம் எதுக்குங்க வந்தீங்க?" என்று சிரித்தேன்.

"அந்த ஆளை ஒரு தடவை பாத்துட்டுப் போலாம்னுதான்."

கைடு கதவைத் திறந்து, கையிலிருந்த பட்டியலைக்கூடப் பார்க்காமல், "வாப்பா" என்று என்னைக் கூப்பிட்டார். அந்தப் பெண் என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். ஃபைலை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

உள்ளே டீ குடித்தோம். யாரும் என்னை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. வேலை கிடைத்தது. அன்று என்னை உண்மையில் நேர்காணல் செய்தவர் அந்தப் பெண் ஒருவர்தான். அதில் நான் தேறவில்லை.