பன்னிரண்டு மீன்களுக்கு நடந்த உபசாரம்

புது வீட்டுக் கூடத்தில் மீன்தொட்டியை வைத்தது நான்தான். பால் காய்ச்சுவதற்கு ஒரு வாரம் முன்பே கண்ணாடியைக் கழுவி, கூழாங்கல் பரப்பி, உப்புக் கரிக்கும் போர் தண்ணீரை நிரப்பி, ஃபில்டரை ஓடவிட்டேன். பிறகு ஒரு தாளில் நான்கு வரி எழுதி ஒட்டினேன். மீன் இப்போது வேண்டாம். ஒரு மாதம் வெறுமனே ஓடட்டும். தினமும் ஒரு சிட்டிகைத் தீனியை நான் மட்டும் போடுவேன். சந்தேகம் இருந்தால் என்னைக் கூப்பிடவும்.

காரணத்தை வாயாலும் சொன்னேன். மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா வரும். மீனுக்கு அது விஷம். அதைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்கள் ஃபில்டரில் வளர ஒரு மாதம் பிடிக்கும். அவற்றுக்காகத்தான் அந்த ஒரு சிட்டிகைத் தீனி. அதுவரை தண்ணீர் பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கும், ஆனால் அதில் மீன் வாழ முடியாது.

சோமனூர் தாண்டி, சாயப்பட்டறைக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தில் எனக்கு லேப் வேலை. இதே நுண்ணுயிர்கள் செத்துப்போகாமல் பார்த்துக்கொள்ளத்தான் அங்கே சம்பளம் தருகிறார்கள். கல்யாண வீடுகளில் அப்பா என்னை அறிமுகப்படுத்துவதே, "நம்ம புள்ளைங்க. தண்ணியப் பாத்தாலே என்ன கோளாறுன்னு சொல்லிப்போடும்" என்றுதான்.

சனிக்கிழமை மாலை வேலை முடிந்து வந்தபோது தொட்டியில் பன்னிரண்டு தங்கமீன்கள் இருந்தன. தாளைக் காணோம்.

"உங்கத்தை வந்திருந்துச்சு அம்மணி" என்றார் அப்பா. கிணத்துக்கடவில் இருக்கும் அவருடைய அக்கா. "பால் காய்ச்சற ஊட்டுல வெறுந்தொட்டி வெச்சா நல்லாவா இருக்கும்னு கேட்டுது. அதான் உக்கடம் போயி வாங்கிட்டு வந்துட்டேன்."

"எத்தன நாளாத் தொட்டி ஓடுதுன்னு கடைக்காரர் கேக்கலீங்களா?"

"கேட்டாரு. ஒரு வாரம்னேன். தாராளமுங்கன்னுட்டாரு."

அந்தக் கடைக்காரரின் முகம் எனக்குத் தெரியாது. இருந்தும் அன்று மாலை முழுக்க மனதுக்குள் அவரோடு சண்டை போட்டேன். திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றதற்கு அப்பா, "விசேஷம் முடியட்டும் கண்ணு" என்றார். வேறு வழியில்லாமல் புதுத் தாளில் பெரிய எழுத்தில் ஒரே வரி எழுதினேன்: தீனி போடாதீர்கள்.

ஞாயிறு காலை மொட்டைமாடிப் பந்தியில் சாம்பார் ஊற்றும் வேலை எனக்கு. எங்கள் பக்கத்தில் இலையைப் பார்த்து 'போதுமா' என்று கேட்கும் பழக்கம் கிடையாது. வைத்துவிட்டு நகர்ந்துவிடுவோம். கையை நீட்டி மறைத்தால் விரல் இடுக்கில் வைப்போம். அதே நியாயம் கீழே கூடத்திலும் நடந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. சாம்பார் வாளியை நிரப்ப இறங்கியபோது, அத்தை தீனி டப்பாவோடு தொட்டியருகே நின்று, வந்தவர்களையெல்லாம் வரிசையில் விட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க, ஆளுக்கொரு துளி போடுங்க. எப்படி ஓடியாருதுக பாருங்க!"

கூழாங்கல்லின் மேல் இட்லித் துணுக்குகள் கிடந்தன. "தாள்ல எழுதியிருக்கறது தெரியலீங்களா அத்தை?"

"தெரியுதம்மணி. வந்த எடத்துல பட்டினி போடறது யாரூட்டு வழக்கம்? நீயும்தான் குச்சியாட்டம் இருக்கறே. உம்மேலயும் ஆராச்சும் தாள் ஒட்டி வெச்சிருக்காங்களா?"

கூடமே சிரித்தது. கையில் கரண்டியோடு நானும் சிரித்தேன். டப்பாவைப் பிடுங்கியிருக்க வேண்டும். விசேஷ வீட்டில் பெரியவர்கள் முன்னால் முகம் சுளிக்கக் கூடாதென்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

திங்கள் காலை அம்மோனியா எவ்வளவு என்று சோதித்துப் பார்த்தேன். சிறு கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து மருந்தைச் சொட்டுவிட்டு ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும். மஞ்சளாகவே இருந்தால் பத்திரம். எனக்குக் கிடைத்தது கரும்பச்சை. இட்லியைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தேன். மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை வெளியேற்றி, டிரம்மில் இருந்த போர் தண்ணீரை மெதுவாக ஊற்றினேன்.

"இன்னிக்கு ஆரும் தொட்டியத் தொடக்கூடாதுங்கப்பா. சாயங்காலம் வந்து மறுபடி மாத்தறேன்."

"செரி கண்ணு."

மாலை வந்தபோது ஏழு மீன்கள் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தன. மற்றவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. தொட்டித் தண்ணீர் மொத்தமும் புதிது.

அன்று எங்கள் தெருக் குழாயில் சிறுவாணி அணைக் குடிநீர் விட்ட நாள். எங்கள் வீட்டில் சிறுவாணித் தண்ணீர் குடிக்க மட்டும்தான். அதில் ஒரு டம்ளரைக்கூடக் கழுவமாட்டோம். விருந்தாளிக்குப் போர் தண்ணீர் கொடுத்தால் அம்மாவுக்குக் கௌரவக் குறைச்சல். அந்தத் தண்ணீரைத்தான் அப்பா குழாயிலிருந்து குடம் குடமாகப் பிடித்து ஊற்றியிருந்தார்.

"உப்புத் தண்ணில கெடந்து தவிச்சுதுக கண்ணு. பாக்கச் சகிக்கல. நாம குடிக்கறதத்தானே குடுத்தேன்?"

"நாம குடிக்கறோமுங்கப்பா! அதுக்குள்ளயே மூச்சு உடறதில்லீங்க!"

வீட்டில் நான் கத்தியது அதுதான் முதல் தடவை. பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். நான் நிறுத்தவில்லை. நமக்காகக் கிருமியைக் கொல்லப் போடும் குளோரின், குழாயிலிருந்து வந்த சூட்டோடு மீனின் செவுளைப் பொசுக்கும் என்றேன். உப்புத் தண்ணீரிலிருந்த உயிரை ஒரே மூச்சில் மென்மையான தண்ணீருக்கு மாற்றினால் உடம்பு தாங்காது என்றேன். ஊரெல்லாம் என் புள்ள என் புள்ள என்று சொல்கிறீர்களே, என் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டினால் ஏன் கிழிக்கிறீர்கள் என்று கேட்டேன். கடைசிக் கேள்விக்கு மட்டும் அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

குளோரினை முறிக்கும் மருந்தைக் கலக்கிக்கொண்டிருக்கும்போதே எட்டாவது மீனும் போனது. மிச்சம் நான்கு.

அதன்பின் தினமும் காலையில் சோதனை, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றம், நோட்டில் ஒரு வரி. தீனி டப்பா என் பீரோவுக்குள் போனது. அப்பாவோடு நான் பேசியதும் அந்த வரியில் இருந்தது மட்டும்தான். 'நேத்தைக்கு இன்னிக்குத் தேவலைங்க.' 'இன்னிக்கு மோசமுங்க.'

மூன்றாம் வாரம் ஒரு காலையில் அத்தை போனில் கூப்பிட்டார். அப்பா ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"மீனெல்லாம் சொகமா தம்பி?"

"எட்டு போயிருச்சுங்க்கா. தண்ணி சேரலீங்க."

குழாயில் மருந்தைச் சொட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தேன். "தண்ணி மேல பழி போடாதீங்கப்பா" என்றேன், அந்தப் பக்கம் கேட்கட்டும் என்று சத்தமாகவே. "தண்ணி ஒண்ணும் பண்ணல. நாமதான் கொன்னோம். அப்படியே சொல்லுங்க."

அப்பா போனை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"புள்ள சொல்றது நெசந்தானுங்க்கா. நாந்தான் கொன்னுபோட்டேன்." பிறகு, "நீங்களுந்தான்" என்றார்.

அத்தை ஏதோ ஆரம்பித்தார். அப்பா, "அப்பறம் கூப்படறனுங்க்கா" என்று வைத்துவிட்டு என் கையைப் பார்த்தார்.

"எப்படியிருக்குது?"

குழாயை வெளிச்சத்தில் பிடித்தேன். இளம்பச்சை. "இன்னும் பத்திரமில்லீங்க."

அப்பா வாளியை எடுத்துக்கொண்டு போர் தண்ணீர் டிரம்மை நோக்கிப் போனார். எத்தனை வாளி என்று வாசலில் நின்று கேட்டார். ஒன்று என்றேன். ஒன்றுதான் கொண்டுவந்தார்.