ஓட்டியது நான், மாட்டியது அண்ணன்

எனக்குப் பதினைந்து வயது, அண்ணனுக்குப் பதினாறு. மலேசியாவில் கோலா சாவா பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருந்தோம். ஒருநாள் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு, அப்பாவுக்குத் தெரியாமல் அவருடைய மோட்டார் சைக்கிளில் ரந்தாவுக்குக் கிளம்பினோம். ஓட்டியது நான். அண்ணனுக்கு அப்போது கியர் மாற்றவே வராது. கடைத்தெரு வளைவில் வண்டி ஒரு காய்கறிக் கடைக்குள் புகுந்தது. கத்திரிக்காய்க் குவியலின்மேல் இருவரும் விழுந்து கிடந்தபோது போலீஸ்காரர் வந்தார். அவரும் தமிழர்தான். நேராக அண்ணனின் காலரைப் பிடித்தார்.

"நான்தான் சார் ஓட்டுனேன்," என்றேன்.

"சும்மா இரு பாப்பா. அண்ணன காப்பாத்தப் பாக்குறியா?"

அண்ணன் மறுக்காமல் அவரோடு நடந்தான். தங்கைக்குப் பின்னால் உட்கார்ந்து போனான் என்று ஊர் சிரிப்பதைவிட ஸ்டேஷனுக்குப் போவதே அவனுக்கு மேலாகத் தோன்றியிருக்கிறது.

பள்ளியில் அவனுக்குப் பிரம்படி. என்னை ஆசிரியை தனியாகக் கூப்பிட்டு, "அழாதேம்மா," என்றார். நான் அழவே இல்லை.

வீட்டில் கதை தலைகீழ். ஒரே வாரத்தில் அப்பா அதே மோட்டாரைக் கொடுத்து, ஓட்டிப் பழகச் சொல்லி அண்ணனைக் கடைக்கு அனுப்பினார். எனக்கோ பள்ளிக்குத் தவிர வாசல் தாண்டத் தடை.

"அவன் ஆம்பள, நாளைக்கே எல்லாரும் மறந்துருவாங்க. உன்ன யாருடி கட்டிக்குவா?" என்றார் அம்மா.

யாரும் மறக்கவில்லை. தோட்டத்தில் எது காணாமல் போனாலும் முதலில் அண்ணனைத்தான் விசாரித்தார்கள். பள்ளியிலும் அப்படியே. வெறுத்துப்போய்ப் படிப்பை விட்டான். அடைபட்டுக் கிடந்த எனக்குப் படிப்பதைத் தவிர வேறு வேலை இல்லாததால் பரீட்சையில் தேறிவிட்டேன். அவனை நினைத்துத்தான் அப்போது மனசு அடித்துக்கொண்டது.

நல்லவேளை, சிரம்பானில் ஒரு சீனர் பழங்கதை எதையும் கேட்காமல் அவனைத் தன் மோட்டார் பட்டறையில் சேர்த்துக்கொண்டார். இன்று அவனுக்கே சொந்தப் பட்டறை இருக்கிறது. நான் பாரோயில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். என்னைக் கட்டிக்கொண்டவர் என்னிடம் கார் ஓட்டக் கற்க வந்தவர்தான்.

போன மாதம் அண்ணன் தன் மகளை என்னிடம் அழைத்து வந்தான். பாடம் முடியும்வரை வேலியோரம் நின்று வியர்த்துக்கொண்டிருந்தான்.

"அத்தை, அப்பாவ வீட்டுக்குப் போகச் சொல்லுங்க லா, அவரப் பாத்தாதான் எனக்குப் பயமா இருக்கு," என்றாள் அவள்.

முதல் சோதனையிலேயே தேறினாள். அண்ணன் ஒரு பழைய மோட்டாரைச் சரிபண்ணி, சிவப்பு வர்ணம் அடித்து அவளுக்குக் கொடுத்தான். கூடவே ஒரு கட்டளை: இருட்டுவதற்குள் வீட்டில் இருக்க வேண்டும்.

"இவனுக்கு?" என்று பக்கத்தில் நின்ற அவன் மகனைக் காட்டிக் கேட்டேன்.

"ரெண்டு பேருக்கும் ஒரே சட்டந்தான்."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். மகனுக்குத்தான் முகம் தொங்கிப்போனது.