போலீஸ் நிலையத்துக்குப் போன கோழி

எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு ஒரு உளுந்து வடை. எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழே ரோட்டோரமாக ஒட்டுக்கடை வைத்து டீயும் வடையும் விற்கும் அண்ணன் அதைத் தட்டில் வைத்து என் பக்கம் தள்ளினார். "சாப்புடுமா, இன்னிக்கு உனக்கு சும்மாதான்" என்றார். ஏன் என்று கேட்டேன். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "நீ செஞ்ச வேலைக்கு" என்றார்.

நான் எதையும் செய்யவில்லை. அதை அங்கேயே, அப்போதே சொன்னேன். "அப்படித்தான் லா சொல்லணும்" என்று சிரித்தார். அந்த வடையை அவர் மேலேயே விட்டெறிய வேண்டும் போல இருந்தது. தொடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

நடந்தது இதுதான். ஜோகூர் மாநிலம் தெப்ராவில் ஒரு பொரித்த கோழிக் கடையில் வேலை செய்கிறேன். பொரித்து வரும் துண்டுகளைப் பெட்டியில் அடுக்கிக் கட்டிக் கொடுப்பது என் பொறுப்பு. எங்கள் வட்டாரத்துப் போலீஸ் நிலையத்தில் ஏதோ கூட்டம் என்று மதியச் சாப்பாட்டுக்கு எங்களிடம் சொல்லியிருந்தார்கள். எல்லாப் பெட்டிகளையும் நான்தான் கட்டினேன். சாப்பிட்ட போலீஸ்காரர் ஒருவர், கோழி இறக்கையின் மடிப்பில் வெள்ளையாக ஒரு கட்டி இருப்பதைப் பார்த்துப் படம் எடுத்துப் போட்டுவிட்டார். சாயங்காலத்துக்குள் அந்தப் படம் ஜோகூர் முழுக்கச் சுற்றி வந்தது. எலி மருந்து என்றார்கள், போதைத்தூள் என்றார்கள். யாருக்கும் வயிறு வலிக்கக்கூட இல்லை என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

அது மாவு. ஈரக் கோழியை மாவில் புரட்டினால் மடிப்பில் திரண்டுகொள்ளும். பஜ்ஜி சுட்ட எந்த வீட்டிலும் நடக்கிற சங்கதி. அத்தோடு போயிருக்க வேண்டியது. ஆனால் எனக்கு ஒரு தம்பி இருக்கிறான்.

தம்பிக்குப் பாசிர் கூடாங் தொழிற்சாலை ஒன்றில் ஷிஃப்ட் வேலை. கோழி விவகாரத்துக்கு இரண்டு மாதம் முன்பு, வேலைக்குக் கிளம்பும் முன் அதே ஒட்டுக்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவனை அதே நிலையத்துப் போலீஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. மோட்டார் சைக்கிள் திருட்டு என்றார்கள். மறுநாள், ஆள் மாறிப்போய்விட்டது என்று வெளியே விட்டார்கள். நல்ல முகத்தோடு போனவன் ஒரு கண் வீங்கி மூடி, உதடு கிழிந்து வந்தான். சோற்றை மெல்ல முடியாமல் கஞ்சியாகக் குடித்தான்.

நான் புகார் கொடுத்தேன். ஜோகூர் பாருவில் போலீஸ் மேலிடத்து அதிகாரி ஒருவர் விசாரித்தார். அடித்தவர்கள் அவரிடம் சொன்ன கதை இது: பிடிப்பதற்கு முன்பே தம்பி மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து முகத்தைக் கிழித்துக்கொண்டிருந்தானாம். பச்சைப் பொய். அவன் முகத்தில் ஒரு கீறல்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த ஒருவர் வந்து சொன்னால் அந்தக் கதை நிற்காது. பார்த்தவர் ஒட்டுக்கடை அண்ணன்தான். அவன் கையில் டீயைக் கொடுத்ததே அவர்தான். "யோசிச்சுச் சொல்றேன்மா" என்று வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தார்.

கோழிப் படம் வந்ததும் ஃபிளாட்டு ஜனங்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. "தம்பிய அடிச்சாங்கல்ல, அக்காக்காரி திருப்பிக் குடுத்துட்டா பாரு. இவதான் லா பொண்ணு." பேசியது யார் என்று கேட்டவுடனே தெரிந்தது. வடை கொடுத்தவரின் குரல். அது எத்தனை குழுக்களுக்குப் போனதோ, எனக்குத் தெரியாது. லிஃப்டில் ஒரு அம்மா என் கையைப் பிடித்து, "நல்லா வேணும் அவனுங்களுக்கு" என்றார். கோயிலில் ஒருவர் தூரத்திலிருந்தே கும்பிட்டார். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர்கள் என்னைக் கொண்டாடினார்கள்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்வது. பிறர் வாயில் வைக்கும் சாப்பாட்டில் நான் கை வைப்பேனா? என் மகளுக்கு நான் வாங்கிப் போகும் கோழியும் அதே எண்ணெயில்தான் பொரிகிறது. என்னை அப்படிப்பட்ட கேவலமான ஆள் என்று நினைத்துக்கொண்டு, அதற்குப் பெருமை என்று பெயர் வைத்தார்கள்.

கடை மேலாளர், அந்த வெள்ளைக் கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், ஆய்வு முடிவு வரும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார். போலீஸ் நிலையத்துக்குக் கூப்பிட்டார்கள். எதிரில் உட்கார்ந்தவர் மலாயில் மரியாதையாகத்தான் கேட்டார், தம்பி விஷயத்தில் எனக்குக் கோபம் உண்டா என்று. உண்டு என்றேன். எதற்கு மறைக்க வேண்டும்? கோபம் இருந்ததால்தான் நேர்வழியில் புகார் கொடுத்தேன். கோழியில் வைத்துத் தீர்க்கிற கோபம் என்றால் பஸ் ஏறி ஜோகூர் பாருவுக்கு ஏன் அலைய வேண்டும்?

அவர் அந்தக் குரல் பதிவை என் முன்னாலேயே ஓடவிட்டார். யாரோ மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தார்கள். "உங்கள் ஆட்களே சொல்கிறார்களே, பழிவாங்கினீர்கள் என்று. அப்படியென்றால் அந்தப் புகாரும் பழிவாங்கத்தானே?" என்றார். விஷம் வைத்தவள் என்று பெயர் எடுத்தவள் கொடுத்த புகாரை யார் நம்புவார்கள்? அடித்தவர்களால் செய்ய முடியாத காரியத்தை என் பக்கத்து வீட்டுக்காரர்கள் கைதட்டியே செய்து முடித்துவிட்டார்கள்.

ஆய்வு முடிவு வந்தது. மாவும் உப்பும். வேறொன்றுமில்லை. அந்தச் செய்தியை யாரும் யாருக்கும் அனுப்பவில்லை. நானே எங்கள் குழுவில் போட்டேன். "அப்படித்தானே எழுதுவாங்க" என்று ஒருவர் பதில் போட்டார். அதற்குப் பத்துப் பேர் சிரித்திருந்தார்கள். வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள், போனேன்.

அதே வாரம் ஜோகூர் பாரு அதிகாரி கூப்பிட்டார். கடைசி வாக்குமூலம் எடுக்கப் போகிறேன், சாட்சி இருந்தால் அழைத்து வா என்றார். காலையில் நேராக ஒட்டுக்கடைக்குப் போனேன்.

"அண்ணே, நீங்க பாத்தத மட்டும் சொன்னா போதும். டீ குடிக்கும்போது மொகம் நல்லா இருந்துச்சுன்னு. அவ்வளவுதான்."

அவர் மேசையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். "கடையில கூட்டமா இருந்துச்சுமா. நான் யாரு மொகத்தையும் பாக்கல."

"அன்னிக்கு ஒரு ஆளுகூட இல்லண்ணே, தம்பி மட்டும்தான் இருந்தான்."

"எனக்கும் புள்ளைங்க இருக்கு, தங்கச்சி. ரோட்டோரம் கடை வச்சிருக்கேன். நமக்கு எதுக்கு வம்பு?" பிறகு என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி கிட்டே வந்து, "ஆனா நீ குடுத்த பாரு, அது போதும். அதுக்கு மேல என்ன வேணும்?" என்றார்.

"நான் எதையும் குடுக்கல. நான் செய்யாதத ஊருக்கே சொன்னீங்க. நீங்க கண்ணால பாத்தத ஒரே ஒரு ஆளுகிட்ட சொல்ல மாட்டீங்களா?"

அடுப்பில் எண்ணெய் காய்கிறது என்று உள்ளே போய்விட்டார். நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். அடுப்பு பற்றவே வைக்கப்படவில்லை.

நானும் தம்பியும் மட்டும் போனோம். சாட்சி உண்டா என்று அதிகாரி கேட்டார். ஒருவர் இருக்கிறார், எல்லாவற்றையும் பார்த்தார், ஆனால் வர மாட்டார் என்றேன். வராதவரைச் சாட்சியாகக் காட்ட முடியாது என்றார். சாட்சி இல்லை என்று அவர் தட்டெழுதியதைத் தம்பி பார்த்துக்கொண்டிருந்தான். "பரவாயில்லக்கா" என்றான். அடித்தவர்கள் மேல் எனக்கு இருக்கும் கோபம் இன்றும் குறையவில்லை. ஆனால் அன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது அவர்கள் நினைவே எனக்கு வரவில்லை; பற்ற வைக்காத அந்த அடுப்புதான் கண்ணில் நின்றது.