கடலையை நனைத்தவர்கள்

புத்தூருக்கு மேற்கே செல்லியம்மாவுக்கு நாலு காணி செம்மண் கொல்லை. புருஷன் செத்தபின் அவளே ஏர் பிடித்து வேர்க்கடலை போட்டாள்.

எல்லைத் தகராறு நடந்த வருஷங்கள் அவை. மெட்ராஸா ஆந்திராவா என்று கேட்டுக்கொண்டு எத்தனையோ பேர் அவள் வாசலுக்கு வந்தார்கள். அவள் கடலையை மதிப்பிடுகிறவர்கள் மட்டும் வரவில்லை. அவர்கள் கடல் கடந்து, சீமையில் ஒரு வியாபாரச் சங்கமாக இருந்தார்கள்.

போன வருஷக் கடலைக்கு அந்தச் சங்கம் கழிவு போட்டு விலையைக் குறைத்தது. கப்பலில் போன பருப்பு கசக்கிறதாம். மில் முதலாளி வெங்கடரமணன் அந்தக் கழிவை அப்படியே விவசாயிகள் தலையில் இறக்கினார். இந்த வருஷ மூட்டைகளோடு மில் வாசலில் வண்டியை நிறுத்திய செல்லியம்மா, இறக்கவிடவில்லை.

"என் கடலக்காயி கலகலன்னு காஞ்சிதான் வந்திச்சி. தோல ஒடைக்கறதுக்கு மின்ன தண்ணி தெளிச்சது உன் ஆளுங்க. ஈரத்தோட மூட்ட கட்டனா கசக்காம இனிக்குமா?"

எல்லா மில்லிலும் அதுதான் வழக்கம். நனைத்தால் பருப்பு முழுசாக வரும், எடையும் ஏறும்.

"நனைக்கலன்னா ஒடையும்க்கா. ஒடஞ்சாலும் அங்க கழிவுதான்" என்றார் வெங்கடரமணன்.

"அத அவுங்ககிட்டயே சொல்றேன். எங்க சொல்லணும்?"

"சங்கத்து மெம்பருங்கதான் சொல்லலாம்."

"யாரு மெம்பரு?"

"வாங்கற கம்பெனிங்க. அனுப்பற கம்பெனிங்க."

"பயிர் வெக்கறவ?"

அவர் சிரித்தார். "நீ வேணும்னா கப்பலேறிப் போயேன். வழியில மீனு துன்னுக்கினு போலாம்."

"கொற சொல்றவனே தீர்ப்பும் சொல்றான். எங்கூரு பஞ்சாயத்துல கோழி திருடனவங்கூட மரத்தடியில நின்னு நாலு வார்த்த பேசலாம். திருடாத எனக்கு அதுகூட இல்லியா?"

தராசுக்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"சரி. நனைச்சது மில்லுதான்னு எழுதி அங்க அனுப்பு" என்றாள். "அனுப்பனா எறக்கறேன்."

"எழுதனா எவன் எங்கிட்ட வாங்குவான்?"

கப்பல் புறப்படும் தேதியைச் சொல்லி அவசரப்படுத்தினார். பின்னால் நின்ற வண்டியிலிருந்து சிட்டிபாபு குரல் கொடுத்தான். அவனும் கடலை போடுகிறவன். "எறக்கிடு அத்த. வேற எவன் வாங்குவான்?"

"உள்ளூரு எண்ணச் செக்குக்காரன் வாங்குவான்."

"பாதி வெலகூடத் தரமாட்டான்."

"தரமாட்டான். ஆனா எதுத்தாப்புல ஒக்காந்துக்கினு கொறப்பான். நானும் ஏண்டான்னு கேப்பேன்."

அவள் மாட்டைத் திருப்பினாள். சிட்டிபாபு மில்லையும் அவளையும் பார்த்தான். பிறகு மூட்டையை இறக்கினான். அவனுக்குக் குழந்தைகள் மூன்று.

அவன் மூட்டையை அன்றே பிரித்துக் கொட்டினார்கள். கூலியாள் தண்ணீர்க் குடத்தோடு வந்தான்.