திருவோணம் அடித்த மணி

ரப்பர் ஷீட்டு உலர்த்தும் புகைவீட்டுக் கூரை முகட்டுக்கு மேலே மூன்று நட்சத்திரங்கள் சாய்வாக வரிசை கட்டி நின்றன. நடுவில் இருப்பதுதான் பெரிது, திருவோணம். முந்தின நாள் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு மணி அடித்தபோதும் அது அதே இடத்தில்தான் நின்றது. அதற்கு முந்தின நாளும் அப்படித்தான். ஆபீஸ் கடிகாரம் நின்றுபோய், அண்ணன் அதன் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு வேர்த்துக் கொட்டிய அந்தக் காலையில், எனக்குள் சட்டென்று ஒன்று உதித்தது. நமக்குக் கடிகாரம் எதற்கு? வானத்தில் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறதே!

போன வருஷம் இதே மாதத்தில் நடந்தது இது.

தோக்கியோ நேரம் வந்ததிலிருந்து எங்கள் தோட்டத்தில் பெரட்டு என்றாலே கும்மிருட்டு. முன்பு விடியலை ஒட்டி ஆள் கணக்கு எடுப்பார்கள். ஜப்பான்காரர்கள் வந்து எல்லாக் கடிகாரங்களையும் ஒன்றரை மணி முன்னால் தள்ளிவிட்டார்கள். சூரியனை மட்டும் தள்ள முடியவில்லை. ஜனங்கள் இருட்டில் வந்து நின்று, கொசு அடித்துக்கொண்டு, வெளிச்சத்துக்குக் காத்திருந்தார்கள். எல்லாரும் கொட்டாவி விட்டார்கள். நான் அண்ணாந்து பார்த்தேன்.

அண்ணன் கிராணி, தோட்டத்து ஆபீஸ் கணக்கன். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு ஆபீஸ் சாவி அவன் இடுப்பில்தான் இருந்தது. மேற்பார்வைக்கு வரும் ஜப்பான்காரர் சொல்லாமல் கொள்ளாமல் வருவார். தன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், ஆட்களைப் பார்ப்பார். பக்கத்துத் தோட்டத்தில் ஒரு நாள் பெரட்டு பிந்தியதற்கு, அந்தக் கிராணியை ஜனங்களுக்கு முன்னால் நிறுத்திக் கன்னத்தில் அறைந்த கதை எங்களுக்கு வந்திருந்தது. அன்றிலிருந்து அண்ணன் பேசும்போதெல்லாம் அவன் கை தானாகவே கன்னத்துக்குப் போகும். தோட்டத்தில் வேறு கடிகாரம் இல்லை. இருந்த கைக்கடிகாரங்களைச் சிப்பாய்கள் கேட்டு வாங்கிப் போய்விட்டார்கள்.

"நட்சத்திரம் கூரையத் தாண்டினதும் தண்டவாளத்துல அடி, அண்ணே. நா காட்டுறேன்" என்றேன். ஆபீஸ் வாசலில் தொங்கிய தண்டவாளத் துண்டுதான் எங்கள் மணி.

"தப்பாச்சுன்னா கன்னம் என்னுது" என்றான். வேறு வழி அவனுக்கும் இல்லை.

என் கூட்டாளி தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் வீட்டுப் பெண். யாழ்ப்பாணத்துக் குடும்பம். சிரம்பானில் இரண்டு பேரும் ஒரே வகுப்பு. பள்ளி மூடியபின், சிப்பாய்களுக்குப் பயந்து, பெண்கள் என்று தெரியாதபடி எங்கள் இருவர் தலையையும் ஒட்ட வெட்டி, கால்சட்டை மாட்டிவிட்டார்கள். அழவேண்டிய விஷயம்தான். ஆனால் அந்தக் கால்சட்டையில் நாங்கள் சுற்றிய சுற்றை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது. பகலெல்லாம் அவர்கள் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்கு சீவுவோம். கை சீவும், வாய் பிரபஞ்சத்தை அளக்கும். கருவாடு சுற்றி வந்த ஒரு பழைய பத்திரிகைத் தாளில், வேகமாக ஓடுகிற ரயிலில் இருக்கும் கடிகாரம் தரையில் இருக்கும் கடிகாரத்தைவிட மெதுவாக நடக்கும் என்று படித்துவிட்டோம். அவ்வளவுதான், தூக்கம் போயிற்று.

"எல்லாக் கடிகாரமும் நின்னு, பூமியும் நின்னுட்டா, நேரம்னு ஒண்ணு இருக்குமா?" என்பேன்.

"ஏன் இராது? நீ பாக்காட்டி கடல் வத்திப்போகுமோ? நேரம் தன்ர பாட்டுக்கு ஓடும்" என்பாள்.

"எதோட ஒப்பிட்டு ஓடும்?"

"விசரி! கிழங்கைச் சீவு."

அந்த வாதம் முடியவே இல்லை.

திருவோணம் அடித்த மணி முதலில் பிசகவில்லை. ஜப்பான்காரர் ஒருநாள் வந்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், தலையாட்டிவிட்டுப் போனார். அண்ணன் எனக்கு வெல்லக்கட்டி கொடுத்தான். இந்தப் பஞ்சத்தில் வெல்லம் என்றால் என்ன என்று அனுபவிக்கிறவர்களுக்குத் தெரியும்.

பிறகுதான் விடியல் பிந்த ஆரம்பித்தது. பெரட்டு முடிந்து ஜனங்கள் நிற்கிறார்கள், நிற்கிறார்கள், கிழக்கு வெளுக்கவே மாட்டேன் என்கிறது. நாளாக நாளாக இன்னும் தாமதம். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அடுத்த வீட்டு அக்கா, ரப்பர்ப் பால் வெட்டுகிறவர், வாய்க்குப் பேர்போனவர், என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, இது தோக்கியோ நேரமா, பேய் நேரமா? கோழி கூடத் தூங்குது லா!"

எனக்கோ வேறு யோசனை ஓடியது. சூரியன் பிந்துகிறது என்றால் என்ன அர்த்தம்? பூமி சுழலும் வேகம் குறைகிறது! உலகத்தில் வேறு யாராவது கவனித்திருப்பார்களா? குண்டு போடுவதில் மும்முரமாக இருப்பவர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? கோலா சாவா பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், மொட்டைத் தலையோடு இரண்டு பெண்கள் கண்டுபிடித்துவிட்டோம்!

மூச்சிரைக்க ஓடிப்போய்க் கூட்டாளியிடம் சொன்னேன். அவளும் ஒரு நிமிஷம் வாயைப் பிளந்தாள். பிறகு கத்தியைக் கீழே வைத்தாள்.

"எழும்பி நில்லு. நீ சூரியன். அந்தப் பப்பாளி மரம் நட்சத்திரம். நான் பூமி."

தன்னைத்தானே சுற்றிக்கொண்டு என்னையும் ஒரு சுற்று வந்தாள். தலை கிறுகிறுத்து முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "பப்பாளியை ஒருக்கால் கூடப் பாத்திட்டன். உன்னை ஒருக்கால் குறைய. பூமிக்கு ஒண்டும் நடக்கேல்லை. வருசத்துக்கு ஒரு சுத்துக் கூட எண்டால், நட்சத்திரம்தான் நாளுக்கு நாலு நிமிசம் முந்தி வருது. நாங்கள் சனத்தை ஒரு மணித்தியாலம் முந்தி எழுப்பிப்போட்டம்."

வகுப்பில் படித்ததுதான். பரீட்சையில்கூட எழுதியிருக்கிறேன்.

அன்று சாயங்காலமே அக்கா வாசலில் வந்து நின்றார். "நாளையிலேருந்து ஒங்க மணி ஒங்களுக்கு, எங்க தூக்கம் எங்களுக்கு. லயமே பேசி வச்சாச்சு."

அண்ணன் கை கன்னத்துக்குப் போனது. மணியை யாரும் நம்பாமல், ஆளுக்கு ஒரு நேரத்தில் வந்து நிற்கும் காலையாகப் பார்த்து ஜப்பான்காரர் வந்தால்?

"ஒரே ஒரு காலைக்கு வாங்கக்கா. சரியில்லேன்னா, கிழங்கு சீவுற கத்தியால என் மூக்க அறுத்துக்குங்க" என்றேன்.

"மூக்கு எதுக்கு? தலையிலதான் ஒண்ணுமில்லையே, அதக் குடு" என்றார். ஆனால் சிரித்துவிட்டார்.

அண்ணன் ஒரு பால் டின்னை எடுத்துக்கொண்டு பக்கத்து டவுன் ரந்தாவுக்கு நடந்தான். மருந்துக்கடைச் சீனர் சுவர்க் கடிகாரம் வைத்திருந்தார். அதற்கு முன்னால் உட்கார்ந்து, டின் அடியில் ஆணித் துளை போட்டு, நாலு நிமிஷத்தில் தண்ணீர் முழுதும் ஒழுகும்வரை துளையைச் சரிபண்ணிக்கொண்டு வந்தான். கடிகாரம் நின்று எத்தனை நாளோ, திருவோணம் கூரையைத் தாண்டியபின் அத்தனை டின். அப்புறம்தான் மணி.

மறுநாள் அக்கா வந்தார். டின்னை அவர் கையிலேயே கொடுத்துவிட்டோம். கடைசிச் சொட்டு விழுந்ததும் "அடிங்கய்யா!" என்று அவர் போட்ட கூச்சல் தண்டவாளச் சத்தத்தைவிடப் பெரிது. விடியல் பழைய இடைவெளியில் வந்தது. லயம் மறுபடி மணிக்கு எழுந்தது. அடுத்த வாரம் ஜப்பான்காரர் வந்தபோது எல்லாரும் வரிசையில் நின்றோம். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போனார். அண்ணன் கன்னம் இன்றுவரை முழுசாக இருக்கிறது.

டின்கள் அதிகமானபோது வேறு நட்சத்திரத்துக்கு மாறினோம். அதுவும் முந்தியபோது இன்னொன்று. அப்படியே ஒரு வருஷம் ஓடிவிட்டது. நடுவில் டிரசரைக் கடலோரத்து சி ரூசா பக்கம் மாற்றிவிட்டார்கள். என் கூட்டாளி லாரியில் ஏறும்போதுகூட, "ஓடுற கடிகாரம் பிந்தும் எண்டால், அங்க போய்ச் சேரேக்க நான் உன்னைவிட இளமையா இருப்பன்" என்றாள். இப்போது அங்கே கடல் தண்ணீரைக் காய்ச்சி உப்பு எடுக்கிறார்களாம். பின்கட்டில் தனியாக உட்கார்ந்து கிழங்கு சீவினால் கை மட்டும்தான் ஓடுகிறது.

நேற்றுக் காலை திருவோணம் மறுபடியும் பெரட்டு நேரத்தில் புகைவீட்டுக் கூரைக்கு வந்துவிட்டது. பூமி சூரியனை ஒரு சுற்று முடித்துவிட்டது. அது நிஜமாகவே கொஞ்சம் மெதுவாகியிருக்குமோ என்ற ஆசை எனக்கு இன்னும் போகவில்லை. ஆனால் டின்னை வைத்து அதைச் சொல்ல முடியாது. துளை துருப்பிடித்துப் பெரிதாகியிருக்கிறது. பெரிதானதை அளக்கவும் என்னிடம் இன்னொரு டின்தான் உண்டு. எதோடு ஒப்பிடுவது என்று நான் அவளைக் கேட்ட கேள்வி என்னிடமே திரும்பி வந்திருக்கிறது.

உப்பு லாரி சனிக்கிழமை சி ரூசாவுக்குப் போகிறது. புது டின் ஒன்றை ரந்தாவில் சரிபார்த்து அவளுக்கு அனுப்பப்போகிறேன். அதே துளையில் இன்னொன்று என்னிடம் இருக்கும். அவள் அங்கே தென்னை உச்சியில், நான் இங்கே கூரையில், திருவோணம் தாண்டியதிலிருந்து விடியும்வரை தினமும் டின் எண்ணவேண்டும். அடுத்த வருஷம் இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

விஷயத்தைக் கேட்ட அக்கா, "இந்தத் தடவ முந்துமா, பிந்துமா?" என்றார்.

"தெரியாதுக்கா."

"அப்ப நாளைக்கு மொத டின் நாந்தான் புடிப்பேன்" என்று டின்னை வாங்கி வைத்துக்கொண்டார்.